ஆறு மாதம் என்று சொன்னோம்

கேள்வி ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. "வருசத்தில எத்தனை மாதம் பந்து எறியிறவ?" என்று பிசியோதெரபிஸ்ட் பிரவீணன் கேட்டான். கேட்டுவிட்டு விரல்களைக் கீபோர்ட்டில் வைத்தபடி எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். என் கணவர் கணேசலிங்கம் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"ஆறு மாதம். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரைக்கும்."

பிரவீணன் அதைத் தட்டிப் பதிந்தான். என் மகள் கோசிகா குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். அவள் சிட்னியில் நாலு மாதம் வெயிலுக்குள் நின்று பந்து எறிந்துவிட்டு வந்து இறங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மார்ச் மாதம், வெளியே தூறல், லண்டன் சனம் முழுக்க வெளிறிப்போய்த் திரிகிறது. இவள் மட்டும் கருவாடு மாதிரிக் காய்ந்து, கழுத்தில் ரீசேர்ட் விளிம்பு கோடாக விழுந்து, அந்தக் கதிரையில் இருக்கிறாள். பிரவீணனுக்குக் கண் இருக்கிறதுதானே.

"நல்லாக் கறுத்திருக்கிறியள். ஹொலிடேயோ?"

"ஓம் அண்ணா. பெரியப்பா வீடு," என்றாள் கோசிகா.

அதுவும் பொய் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வோம், அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டோம்.

பிரவீணன் அவளுடைய வலது முழங்கையை மடக்கி, நீட்டி, உட்பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்தாள். அவன் லூயிஷாமில் பிறந்து வளர்ந்த பெடியன். தமிழ் கதைப்பான் என்றுதான் நாங்கள் இருக்கும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து இரண்டு ரெயில் மாறி அவனிடம் போனோம். "எங்கட பெடியன் எண்டால் மனம்விட்டுக் கதைக்கலாம்" என்று சொல்லிக் கூட்டிப்போனதும் என் கணவர்தான். மனம் விட்டது அவ்வளவுதான்.

"பயப்பிட ஒண்டுமில்லை அன்ரி," என்றான். "வெயில் நாடுகளில வருசம் முழுக்க எறியிற பிள்ளையளுக்குத்தான் இந்த இடத்து நார் தேஞ்சு கிழியிறது. கலிபோர்னியா, புளோரிடா எல்லாம் அந்தக் கதைதான். இஞ்சை விண்டர் வந்து எல்லாரையும் வீட்டுக்குள்ள இருத்திப்போடும். அரை வருசம் ரெஸ்ற் எடுத்த கை. இது சீசன் தொடங்கேக்குள்ள வாற இறுக்கமாத்தான் இருக்கோணும்."

"ரெஸ்ற் எடுக்காத கையெண்டால்?" என்று கேட்டேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பிடியெண்டால் நான் தொடவே மாட்டன். ஸ்கானுக்கு அனுப்பிப்போட்டு, கனகாலத்துக்குப் பந்துப் பக்கமே போக விடமாட்டன். கோசிகாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லைத்தானே."

இல்லை என்று அவர் தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. ஒரு றப்பர் பட்டியும் செய்யவேண்டிய பயிற்சிகளின் படமும் வாங்கிக்கொண்டு வந்தோம். மூன்று கிழமை எறியக்கூடாது, பிறகு மெல்ல மெல்லத் தொடங்கலாம்.

பேஸ்போல் எங்களுக்கு எப்படி வந்தது என்று ஈஸ்ட் ஹாமில் சாமான் வாங்கப் போனால் இன்றைக்கும் யாராவது கேட்பார்கள். கிரிக்கெட்டைப் பிழையாகச் சொல்கிறேனோ என்று நினைப்பார்கள். நாங்கள் லண்டனுக்கு நேரே வந்தவர்கள் இல்லை. முதலில் ஹொலண்டில் ஹார்லெம் பக்கம் பதினாறு வருடம் இருந்தோம். அங்கே எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஒரு பேஸ்போல் மைதானம் இருந்தது. விசா முடிவு வராமல், வேலை செய்யவும் அனுமதி இல்லாமல் இருந்த காலத்தில் என் கணவர் அதன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றே விளையாட்டு முழுவதையும் விளங்கிக்கொண்டார். பிறகு கோசிகா பிறந்தாள், ஆறு வயதில் அந்த வேலிக்கு உள்ளே போனாள். ஒன்பது வயதில் லண்டனுக்கு வந்தபோது அவள் அழுதது தோழிகளுக்காக இல்லை. இங்கே பேஸ்போல் இல்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இருந்தது. வட லண்டனில் ஒரு பூங்காவில் ஒரு கிளப் இருந்தது. பெடியங்களோடு பெடியங்களாக நின்று அவள் பிற்சர் ஆனாள். மேட்டில் தனியாக நின்று, மட்டை பிடித்தவனுக்குப் பந்தை எறிகிறவள். ஆட்டமே அவள் கையிலிருந்துதான் தொடங்கும்.

வருகிற ஜூனில் பிரித்தானியப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது. ஏ லெவல் எடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டதே அதற்காகத்தான். வீட்டில் வேறு கதை இல்லை. சோறு தின்னும்போதும் ஜூன், குளிக்கும்போதும் ஜூன்.

என் கணவருக்கு ஒரே எதிரி குளிர்காலம். அவர் வீடு சூடாக்கும் பொயிலர் திருத்துகிறவர். குளிர் வந்தால்தான் ஃபோன் அடிக்கும், எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே ஊரார் வீட்டில் பொயிலர் நின்றுபோவதால்தான். ஆனாலும் ஒக்டோபர் பிறந்தால் குளிரைத் திட்டத் தொடங்கிவிடுவார். "அமெரிக்காக்காரப் பிள்ளை இப்ப வெயிலுக்குள்ள நிண்டு எறிஞ்சுகொண்டிருக்கும். எங்கட பிள்ளை கம்பளிக்குள்ள கிடக்குது" என்பார். முந்தின குளிர்காலம் வோல்தம்ஸ்ரோவில் ஒரு ஹோல் பிடித்தார். கிழமைக்கு மூன்று நாள், கூரைக்குக் கீழே, வலைக்குள் எறிதல். போன குளிர்காலம் அதுவும் போதாமல் போய், சிட்னியில் இருக்கும் தன் தமையன் சச்சிதானந்தனுக்கு ஃபோன் அடித்தார். எங்கள் சனத்துக்கு உலகத்தில் எந்த வெயில் வேண்டுமோ அங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒரு கட்டில் இருக்கும். "என்ர பெறாமகள் வாறதுக்கு என்ன கேள்வி" என்றார் அவர். இங்கே இலை கொட்டும்போது அங்கே அவர்களுக்குச் சீசன் தொடங்கியது. இவள் போய் அங்கத்தைக் கிளப் ஒன்றில் சேர்ந்து பெப்ரவரிக் கடைசி வரை எறிந்தாள்.

ஆக, இரண்டு வருடமாக அந்தக் கை ஒரு மாதம்கூடச் சும்மா இருக்கவில்லை. இதுதான் பிரவீணனுக்குச் சொல்லாதது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், என் கணவருக்கு அது ஒரு சட்டம். ஹொலண்டில் அகதி விசா கேட்டபோது எங்களுக்கு இரண்டு விசாரணை நடந்தது. முதல் விசாரணையில் என்ன திகதி சொன்னோமோ அதையே இரண்டாவதிலும் சொல்லவேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில். கூடச் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கும். அகதி முகாமில் எங்களோடு இருந்த அருட்பிரகாசம் அண்ணை, வவுனியாவை விட்டு வெளிக்கிட்டது பங்குனி என்று முதல் சொல்லிவிட்டு, பிறகு நல்லாய் யோசித்துப் பார்த்து, சித்திரை என்று திருத்தினார். உண்மை சித்திரைதான். உண்மையைச் சொல்லத்தான் திருத்தினார். கேசை நிராகரித்துவிட்டார்கள். நாலு வருடம் அந்த மனிதர் அந்த முகாமுக்குள் தாடியோடு நடந்து திரிந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் எங்களை விடவில்லை. வீட்டு டொக்டர், பள்ளிக்கூடம், கவுன்சில், யார் போம் தந்து நிரப்பச் சொன்னாலும் என் கணவர் முதல் சொன்னதையே சொல்வார். கிளப் போமிலும் ஆறு மாதம் என்றுதான் கையெழுத்து வைத்திருந்தார். மூன்று மாதம் ஓய்வு எடுக்காத பிற்சரைக் கிளப்பின் கோச் மேட்டில் ஏற்றமாட்டான்.

எனக்கும் அந்தப் பயம்தான். அவரை மட்டும் சொல்லி என்ன. முகாமில் இரவு இரவாக இரண்டு பேரும் ஒரே திகதிகளைப் பாடமாக்கினவர்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டாம் தரம் பிரவீணனிடம் போனோம். போகும்போதே ரெயிலில் முடிவெடுத்திருந்தேன், இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று. அவன் கதவைத் திறந்து, "எப்பிடி அன்ரி" என்று சிரித்தான். கோசிகாவிடம் நோவு பத்தில் எத்தனை என்று கேட்டான்.

"இரண்டு," என்றாள். ஒரு தயக்கமும் இல்லை.

"போன விண்டர் ஒண்டும் எறியேல்லைத்தானே?"

"இல்லை அண்ணா. சீசன் மட்டும்தான். ஆறு மாதம்."

தகப்பன் சொன்ன அதே சொல், அதே குரல். சொல்ல வாய் எடுத்தேன். பிள்ளையை அந்த அறைக்குள் வைத்துப் பொய்க்காரி ஆக்குவதா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு நான் தப்பிக்க ஒரு சாட்டு. அன்றைக்கு அது எனக்கு நல்ல வசதியாக இருந்தது. மெல்ல எறியத் தொடங்கலாம் என்று பிரவீணன் சொன்னான். கணவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனோம். சரியான சனம். அர்ச்சனை முடிந்து ஐயர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் நின்ற கோசிகா இடது கையை நீட்டினாள். ஐயர் கரண்டியை நிறுத்திவிட்டு, "வலக் கை, பிள்ளை" என்றார். அவள் வலது கையைத் தூக்கினாள். அது பாதிக்கு மேல் நீளவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, உள்ளங்கையைக் குழிக்கப் பார்த்தாள், விரல்கள் சேரவில்லை. தீர்த்தம் விரலிடுக்கால் ஓடி அவளுடைய புதுச் சட்டையில் கொட்டியது. ஐயர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அவள் ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றாள்.

பத்தில் இரண்டு. எனக்கு அந்த இடத்திலேயே கத்தவேண்டும் போல இருந்தது.

காரில் ஏறிக் கதவு சாத்தியதும் தொடங்கினேன்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கே பிரவீணனுக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"சிட்னியை. ஹோலை. எல்லாத்தையும்."

ரொம்ஃபோர்ட் ரோட்டில் சிவப்பு விளக்கு விழுந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் நின்ற பஸ்ஸையே பார்த்தார்.

"இப்ப மாத்திச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? இவ்வளவு நாளும் சொன்னது முழுக்கப் பொய் எண்டுதான் நினைப்பான். அருட்பிரகாசத்துக்கு நடந்தது உமக்குத் தெரியாதோ?"

"அது அசைலம் கேஸ். இது பிள்ளையின்ர முழங்கை."

"எல்லாம் கொம்பியூட்டரில ஏறுறதுதான், அஜந்தா. ஒருக்கால் ஏறினால் ஏறினதுதான். அவன் கோச்சுக்கு எழுதுவான். கோச் நிப்பாட்டுவான். ஜூன் போச்சு. பிறகு நீர்தான் அவளுக்கு முகம் குடுக்கோணும்."

பின்சீற்றில் கோசிகா காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜன்னலால் பார்த்தபடி இருந்தாள். அதில் பாட்டு ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் வேலைக்கு நடுவில் நானே பிரவீணனின் கிளினிக்குக்கு ஃபோன் அடித்தேன். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். இருநூறு பிள்ளைகளின் சாப்பாட்டைக் கொடுத்து முடித்துவிட்டு, ஏப்ரனோடு பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று ஃபோனைப் பிடித்தேன். வரிசையில் பதினோராவது ஆள் என்றது. இருபத்தைந்து நிமிடம் ஒரே இசை. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். மகளுடைய விவரத்தில் ஒரு பிழை இருக்கிறது, திருத்தவேண்டும் என்றேன்.

"மகளுக்கு எத்தனை வயது?"

"பதினெட்டு."

"மன்னிக்கவேண்டும். பதினெட்டு வயது என்றால் அவரே அழைக்கவேண்டும். உங்களோடு நாங்கள் கதைக்க முடியாது."

"நீங்கள் கதைக்கவேண்டாம். நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

"உங்களிடமிருந்து எடுத்து எழுத முடியாது."

இருபத்தைந்து வருடமாக எங்களிடம் எல்லாரும் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். இன்றைக்கு ஒரு தரம் நானாகச் சொல்ல வந்தால் எழுத ஆள் இல்லை. பிரவீணனோடு கதைக்கலாமா என்று கேட்டேன். அவனுக்குத் தகவல் வைக்கலாம், ஆனால் அவனும் மகளைத்தான் திருப்பி அழைப்பான் என்றாள். தகவலில் என்ன எழுதவேண்டும் என்று கேட்டாள். "ஒன்றுமில்லை" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு என்னை நானே எவ்வளவு திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

அன்று பின்னேரம் கோசிகாவின் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். கட்டிலில் இருந்து உறைந்த பட்டாணிப் பையை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்ப தொடங்கினது?"

"ஜனவரி."

"சிட்னியிலயே?"

"ம். பெரியம்மாட்ட சொன்னனான். நோவுக்குத் தைலம் பூசிவிட்டவ. அங்க வெயில்தானே, கை சூடா இருந்தா நோகாது. அதால எறிஞ்சன். இஞ்ச வந்து குளிருக்குள்ள எறியேக்கதான் கூட."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அப்பா ரிக்கெற் போட்டு அனுப்பினவர்."

"பிரவீணனுக்கு நீ அடிச்சுச் சொல்லு. நீ சொன்னால்தான் எடுப்பாங்களாம்."

"அம்மா, ப்ளீஸ். ஆறு மாசம் எண்டு அப்பா சொல்லிட்டார். நான் பன்னிரண்டு எண்டு சொன்னா அப்பா பொய் சொன்ன மாதிரி வரும். ஜூனும் போகும்." பிறகு என் முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள். "நீங்களும் அங்க இருந்தனீங்கள்தானே. இரண்டு தரமும்."

பட்டாணிப் பை உருகி ஈரமாகிவிட்டது என்று சொல்லி, கீழே போய் வேறொன்று கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு தாய்க்கு அந்த நேரம் செய்ய முடிந்தது அவ்வளவு என்று நினைக்கவே எரிச்சல் வருகிறது.

கணவரோடு இன்னும் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் அவர் இறங்கி வந்தார், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. "ஜூன் முடியட்டும். அடுத்த நாளே நானே போய் எல்லாத்தையும் சொல்லுறன். பிறகு அவள் ஒரு வருசம் இருக்கட்டும், ரெஸ்ற் எடுக்கட்டும்." எட்டுக் கிழமைதானே என்றார். எட்டுக் கிழமைதானே என்று நானும் நினைத்தேன். சரி என்றேன். இந்தச் சரியை நான் யார் மேலும் போட முடியாது.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு. மே என்று பெயர், காற்றுக் காதை அறுத்தது. மழை வருவதும் விடுவதுமாக இருந்தது. மைதானத்தின் ஓரத்தில் நாங்கள் இரண்டு பேரும் மடக்குக் கதிரையில், பிளாஸ்கில் தேத்தண்ணியோடு இருந்தோம். தேர்வுக் குழுவில் ஒருவர் வந்திருக்கிறார் என்று கோச் சொல்லியிருந்தான். கோசிகா மேட்டில் நின்று கையை வாயருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டாள். முதல் மூன்று சுற்றும் அவளுடைய பந்தை ஒருவரும் அடிக்கவில்லை. கணவர் ஒவ்வொரு பந்துக்கும் முழங்காலைத் தட்டினார். எனக்கு அவளுடைய முகம் மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு எறிக்கும் பிறகு கண்ணை ஒரு தரம் இறுக்க மூடித் திறந்தாள்.

நாலாவது சுற்றில் பந்து அவள் கையிலிருந்து போய், மட்டை பிடித்தவனுக்கு நாலு முழம் தள்ளி வேலியில் அடித்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டதாம். பயற்றங்காய் முறிக்கிற மாதிரி, உள்ளே. அவள் கத்தவில்லை, விழவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு கோச்சிடம் நடந்து போனாள்.

"பிற்சரை மாத்தப்போறாங்கள் போல. நல்லாத்தானே எறிஞ்சவள்," என்றார் கணவர்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு ஓடினேன்.

ஸ்கான் எடுத்தார்கள். சத்திரசிகிச்சை டொக்டரைப் பார்க்க ஜூன் இரண்டாம் கிழமைதான் நாள் கிடைத்தது. தேர்வு அதற்கு முந்தின சனிக்கிழமை நடந்தது. அன்றைக்குக் கோசிகா தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவடியில் வைத்த சாப்பாட்டை மட்டும் எடுத்தாள்.

டொக்டர் அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண்மணி. திரையில் கோசிகாவின் முழங்கையைக் காட்டினார். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் நார் முழுக்கக் கிழிந்திருக்கிறது என்றார். இது ஒரு நாளில் கிழிந்தது இல்லை, வெகு நாளாகத் தேய்ந்து வந்து கிழிந்திருக்கிறது. உடம்பில் வேறோர் இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே கட்டவேண்டும். திரும்பி எறிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பழைய வேகம் வருமா என்பதற்கு உறுதி சொல்லமுடியாது. அவ்வளவையும் தெளிவாகச் சொல்லிவிட்டு, ஒப்பரேசனுக்கு ஒரு திகதி தேடக் கொம்பியூட்டர் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் என் கணவர் கதைக்கத் தொடங்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"டொக்டர், ஒரு விசயம் சொல்லவேண்டும்," என்று ஆங்கிலத்தில் தொடங்கி, முழுவதையும் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முந்தின ஏப்ரலிலிருந்து. எந்தெந்த நாள் ஹோல், எத்தனை மணிக்கு. சிட்னிக்கு விமானம் ஏறிய திகதி. அங்கே கிழமைக்கு எத்தனை ஆட்டம், ஆட்டத்துக்கு எத்தனை பந்து. திரும்பி வந்த திகதி. பிரவீணனுக்கு என்ன சொன்னார், கிளப் போமில் என்ன எழுதினார். "ஜனவரியிலிருந்து நோவு" என்று நான் இடையில் சேர்த்தேன். அவர் ஒரு விநாடி நின்று என்னைப் பார்த்தார். அது அவருக்குத் தெரியாது. பிறகு "ஜனவரியிலிருந்து நோவு" என்று அதையும் சேர்த்துச் சொன்னார். தன் வாழ்க்கையில் அந்த மனிதர் ஒரு அதிகாரிக்கு முன்னால் கேட்காமல் சொன்னது அதுதான் முதல் தரம்.

டொக்டர் கைகளை மடியில் வைத்தபடி பொறுமையாகக் கேட்டார். என் கணவர் முடித்ததும், "நன்றி. ஆனால் இதனால் எதுவும் மாறாது," என்றார். "எப்படித் தேய்ந்திருந்தாலும் இனிச் செய்யவேண்டிய ஒப்பரேசன் ஒன்றுதான்."

"நீங்கள் எழுதவில்லையே," என்றார் கணவர்.

"எழுதத் தேவையில்லை."

கோசிகா கழுத்தில் தொங்கிய பட்டியைச் சரிப்படுத்திக்கொண்டு டொக்டரிடம் கேட்டாள். "மார்ச் மாதம் நான் நிறுத்தியிருந்தால்?"

டொக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"திட்டமாகச் சொல்ல முடியாது. தேய்ந்த நார் ஓய்வு கொடுத்தால் பலருக்குத் தேறிவிடும். மார்ச்சில்கூட வாய்ப்பு இருந்திருக்கலாம். அதற்கு முதல், ஒரு குளிர்காலம் முழுக்கச் சும்மா விட்டிருந்தால் அனேகமாக இவ்வளவு தூரம் வந்திராது."

கோசிகா தலையாட்டினாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி. என் கணவர் என் பக்கம் திரும்பினார், நான் ஏதாவது சொல்வேன் என்று. லண்டனில் குளிர்காலம் ஒருவரும் கேட்காமலே வரும். இரண்டு வருடமும் தவறாமல் வந்தது. அதை அவளுக்குக் கிடைக்காமல் பண்ணியது நாங்கள் இரண்டு பேரும்தான்.